மேட்டுச் செடிக்கு ஒரு பெயர்

வண்டன்மேட்டில் வாடகைக்கு வீடு எடுத்தேன் என்றதும் என் தங்கை போனில் சத்தம் போட்டாள். "ஏனுங்ண்ணா, சித்தூர்ல ஊட்டப் பூட்டிப்போட்டு அந்தக் குளுருக்குள்ள தனியாப் போயி என்ன பண்ணப் போறீங்க?" செடி பார்க்கப் போகிறேன் என்றேன். "செரீங்க" என்று உடனே அடங்கிவிட்டாள். மனைவி இறந்து எட்டு மாதம் ஆனவன் எதைச் சொன்னாலும் எல்லோரும் இப்படித்தான் "செரீங்க" என்கிறார்கள்.

செடி உண்மைதான். கல்லூரியில் தாவரவியல் படித்துவிட்டு, ஆயுள் முழுவதும் பதிவு அலுவலகத்தில் மற்றவர்களின் நிலத்தைப் பதிவு செய்தவன் நான். எங்கள் வீடு என் பெயரில், கேஸ் இணைப்பு என் பெயரில், மின்சாரம் இன்னும் செத்துப்போன என் அப்பாவின் பெயரில். மனைவியின் பெயர் ஒரு காகிதத்தின் முதல் வரியில் ஏறியது இறப்புச் சான்றிதழில்தான். அதற்கான விண்ணப்பத்தையும் பிழையில்லாமல் நானே நிரப்பினேன்.

ஊருக்கு மேலே, மாநில எல்லை மேட்டில் ஒரு காட்டுக் காசித்தும்பையைப் பார்த்தபோது ஒரு வழி தெரிந்தது. ஒரு சாண் உயரம், கட்டைவிரல் நகமளவு இலை, தடிப்பு, இலையடியில் சிவப்பு, ஒற்றைப் பூ. மேற்குச் சரிவின் ஓடைக்கரையில் இருக்கும் காசித்தும்பையோ இடுப்புயரம், உள்ளங்கை அகல இலை, கொத்துக் கொத்தாய்ப் பூ. மேட்டுச் செடி புது இனம் என்றால் அதற்குப் பெயர் வைக்கலாம். கண்டுபிடித்தவன் தன் பெயரை வைத்துக்கொள்வது மரியாதையில்லை. மனைவியின் பெயரை வைக்கத் தடையேதும் இல்லை.

நடைமுறையில் ஒரு படியைக்கூட விட்டுவிடவில்லை. அந்த இடம் காட்டிலாகாவின் எல்லைக்குள் வருகிறதா என்று வில்லேஜ் ஆபீசில் சர்வே எண் பார்த்துவிட்டுத்தான் முதல் செடியைப் பறித்தேன். செய்தித்தாளில் அழுத்திக் காயவைத்தேன். ஸ்கேல் வைத்து இலை இலையாய் அளந்தேன்.

மேட்டுக்குக் கீழே ஏலக்காய்த் தோட்டத்தில் களையெடுக்கும் ஒரு பெண்மணி இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தாள். நாள் முழுவதிலும் என்னோடு பேசுகிற ஒரே ஆள் அவள்தான்.

"என்ன சார், செடிக்கு ஆதார் கார்டு எடுத்தாச்சா?"

"இன்னும் இல்லம்மா. இது புதுச் செடி. என் சம்சாரம் பேரு வைக்கப் போறேன்."

"புதுசா? ஓடையில கெடக்கிறதுதான சார் இது? மேட்டுக் காத்துல நின்னா நானுந்தான் இப்பிடிச் சுருங்கிப் போவேன்."

அனுபவத்தை ஆதாரமாக ஏற்க முடியாது என்று விளக்கினேன். "ஏத்துக்காதீங்க" என்று சிரித்துவிட்டுக் குனிந்துகொண்டாள்.

இரண்டையும் ஒரே மண்ணில் வளர்த்துப் பார்ப்பது கட்டாயமில்லை. ஆனால் மறுப்பவன் கேட்கப்போகும் முதல் கேள்வி அது. பதிலை முன்கூட்டியே ஃபைலில் வைத்துவிடுவது என் வழக்கம். ஜூனில் இடவப்பாதி மழை தொடங்கியதும் இரண்டு இடத்திலிருந்தும் தண்டு வெட்டி வந்து, வாடகை வீட்டின் கிழக்குச் சுவரோரம், காற்றுப் படாத இடத்தில், தொட்டிகளில் நட்டேன்.

மூன்று வாரம் எல்லாம் ஒழுங்காகவே போயிற்று. பிறகு மேட்டுச் செடி ஒரு புது இலை விட்டது. அது நகமளவோடு நிற்கவில்லை. அடுத்தது அதைவிடப் பெரிது, சிவப்பும் இல்லை. கீழே பழைய இலைகள் குட்டையாய், தடிப்பாய் அப்படியே இருந்தன. முளைத்துவிட்ட இலை மாறுவதில்லை. ஓணம் முடிந்தபோது இரண்டு தொட்டிகளுக்கும் அடையாளச் சீட்டு இல்லாவிட்டால் எனக்கே வித்தியாசம் தெரியாது. காற்றும் வெயிலும் செய்த வேலையை நான் இனம் என்று எழுதி வைத்திருந்தேன்.

தொட்டிகளை மறைத்துவிட்டுக் காய்ந்த செடிகளை மட்டும் வைத்து ஆய்விதழுக்கு எழுதியிருக்கலாம். போலிப் பத்திரம் எங்கே இடறும் என்று தெரிந்தவனுக்கு இடறாமல் எழுதவும் தெரியும். இரண்டு நாள் அதையேதான் யோசித்தேன். ஆனால் என்றைக்காவது ஒரு மாணவன் இரண்டையும் சேர்த்து நட்டுப் பார்ப்பான். என் மனைவியின் பெயரைக் கோடு போட்டு அடிப்பான். அடித்த பெயராக அவள் அச்சில் கிடக்க வேண்டாம். குறிப்பின் கடைசிப் பக்கத்தில் 'ஓடைக்கரைச் செடியும் இதுவும் ஒரே இனம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் மேட்டுக்குப் போய் அந்தப் பெண்மணியிடம் சொன்னேன். கேலி செய்வாள் என்று எதிர்பார்த்தேன்.

"அப்போ இதுக்குப் பேரு?"

"ஏற்கெனவே இருக்கு. யாரோ ஒரு வெள்ளக்காரத் துரை பேரு."

"அந்தாளு இங்கன வந்தானா?"

"தெரியல."

கத்தியைத் துடைத்து இடுப்பில் செருகினாள். "இம்புட்டு நாளு பேசுறோம். அக்கா பேரு என்னன்னு நான் கேக்கவே இல்லையே சார்."

சொன்னேன். மனைவி போன பிறகு அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னது அதுவே முதல் தடவை. மெல்லத்தான் வந்தது. காற்றும் பலமாக இருந்தது.

"கேக்கல சார்" என்றாள்.

மறுபடியும் சொன்னேன், உரக்க.