வாயால் தடுத்த பெனால்டி

நான் கோல்கீப்பர். ஏழு வருடமாகச் சம்பளத்துக்குப் பந்து பிடிக்கிறேன். என் கையைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசிக் கேட்டதில்லை. என் வாயைப் பற்றிப் பேசாத ஆள் மும்பையின் பெண்கள் லீகில் கிடையாது.

காரணம் எளிது. என் உயரம் ஐந்தடி நான்கங்குலம். கோல்கீப்பருக்கு அது காணாது. மேல் கம்பத்தைத் தொட வேண்டுமென்றால் எம்பிக் குதிக்க வேண்டும். எனவே குறைகிற உயரத்தை வாயால் சரிக்கட்டினேன். பந்தை வைத்துக்கொண்டு முன்னால் வருகிறவள் ஒரு நொடி யோசித்தால் போதும், அந்த ஒரு நொடிதான் எனக்குச் சாப்பாடு போட்டது.

இந்த வித்தையை எந்தக் கோச்சும் கற்றுக்கொடுக்கவில்லை. தாராவியில் எங்கள் சந்தில் பதினெட்டு வீட்டுக்கு ஒரு குழாய். காலையில் ஒன்றரை மணி நேரம் தண்ணீர் வரும். குழாயடிச் சண்டை என்று ஊரே கேலியாகச் சொல்லும். நான் அங்கே நின்று வளர்ந்தவள், எனக்கு அது கேலியாகத் தெரியவில்லை. எங்கம்மா அங்கே முதல் ஆட்டக்காரி. "ஏட்டி, ஒங்கொடம் என்ன கப்பலா, நெறையவே மாட்டேங்கு?" என்று ஆரம்பித்தால் எதிரில் நிற்பவள் எங்கம்மாவின் கொண்டை முதல் குதிகால் வரை பிரித்து மேய்வாள். ஆனால் நிறைந்த குடத்தை ஒருத்தி தனியாகத் தூக்கித் தலையில் வைக்க முடியாது. எனவே திட்டிக்கொண்டே ஒருத்தி குடத்தை இன்னொருத்தி தூக்கிவிடுவாள். தூக்கிவிடும்போதும் வாய் நிற்காது.

நான் மைதானத்தில் செய்ததும் அதுதான். மும்பை மைதானங்களில் அம்மாவையும் அக்காவையும் இழுக்கிற வசவுதான் அதிகம். நான் அதைப் பேசியதில்லை. வாயில் சரக்கில்லாதவர்கள் பேசுவது அது. வாஷியிலிருந்து வருகிற ஒரு விங்கர் பந்தோடு பாய்ந்து வந்தால், "மெதுவா வா, வாஷிக்கு இன்னும் ட்ரெயின் இருக்கு" என்று இந்தியில் சொல்வேன். புது ஷூ போட்டு வந்தவளிடம், "ஷூ நல்லாருக்கு, பந்துக்குத்தான் இன்னும் அதோட பழக்கமாகல" என்பேன். ரெஃப்ரி திரும்பிப் பார்ப்பார். நான் பல்லெல்லாம் தெரியச் சிரிப்பேன். இப்படி உபசாரமாகப் பேசுகிறவளுக்கு எப்படி மஞ்சள் அட்டை காட்டுவது?

எனக்குப் பதிலடி கொடுக்கிறவள் ஒருத்திதான் இருந்தாள். திலக் நகர்ப் பெண், எங்களோடு எப்போதும் முதலிடத்துக்கு மல்லுக்கட்டுகிற கிளப்பின் ஸ்ட்ரைக்கர். இரண்டு தலைமுறையாக ஆபீஸ் உத்தியோகம் பார்க்கிற தமிழ்க் குடும்பம். பாதிப் பேச்சில் இந்திக்குத் தாவிவிடுவாள். "உன்னைத் தாண்டி அடிக்க வேண்டாம், உன் தலைக்கு மேல அடிச்சா போதும், ஏகப்பட்ட ஜகா இருக்கு" என்று ஒருமுறை சொன்னாள். ஜகா என்றால் இடம். எனக்குச் சுள்ளென்றது, பிடித்தும் இருந்தது. அவள் அப்பா ஒரு மேட்சையும் விடமாட்டார். எங்கள் கோலுக்குப் பின்னாலேயே வந்து நின்று, நான் பந்தைத் தொட்டாலே "ஃபவுல்" என்று கத்துவார்.

போன சீசன் தொடக்கத்திலேயே எங்கள் கிளப் நிர்வாகம் எங்களை உட்காரவைத்துச் சொல்லிவிட்டது. லீகில் முதலாவதாக வந்து தேசிய லீகுக்குப் போனால் பெண்கள் அணி இருக்கும். இல்லையென்றால் கலைத்துவிடுவார்கள். மற்றப் பிள்ளைகளுக்கு இருபது, இருபத்திரண்டு வயது, எங்கேயாவது ஒட்டிக்கொள்வார்கள். எனக்கு முப்பது. முப்பது வயதில் ஐந்தடி நான்கங்குலக் கோல்கீப்பரை எந்தக் கிளப் எடுக்கும்? மாட்டுங்காவில் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர் வேலைக்கு என் அக்கா சொல்லிவைத்திருந்தாள். நல்ல வேலைதான். அக்கா அந்தப் பேச்சை எடுத்தாலே நான் கையுறையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

சீசனில் திலக் நகர்க்காரியின் அணியோடு எங்களுக்கு இரண்டு மேட்ச். முதல் மேட்சில் நாங்கள் ஒரு கோல் முன்னால் இருந்தோம். ஆட்டம் முடியப் பத்து நிமிஷம் இருக்கும்போது அவர்களுக்குப் பெனால்டி கிடைத்தது. அவள்தான் அடிக்க வந்தாள். எனக்குப் பின்னால் வழக்கமாகக் கேட்கும் கத்தல் அன்றைக்கு இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"என்னட்டி, ஒங்கப்பாவக் காணல? நீ வெளிய அடிக்கப் போறது தெரிஞ்சி வீட்டுலயே இருந்துட்டாவளோ?" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஓடி வந்து, பந்தை என் கையில் கொண்டுவந்து கொடுப்பது போல அடித்தாள். நான் அதைப் பிடித்து முத்தம் கொடுத்து, கையை விரித்து ஒரு சுற்றுச் சுற்றினேன். நாங்கள் ஜெயித்தோம். வரிசையில் கை குலுக்கும்போது அவள் கை கொடுத்தாள், முகம் பார்க்கவில்லை. தோற்ற கோபம் என்று நினைத்தேன். மூஞ்சி கழுவும் இடத்தில் அவள் அணிப் பெண் ஒருத்தி என் பக்கத்தில் வந்து நின்று இந்தியில் சொன்னாள்: "அவ அப்பா இறந்து ரெண்டு மாசம் ஆச்சு. உனக்குத் தெரியாதா?"

தெரியாது. ஆனால் தெரியாது என்று யாரிடம் போய்ச் சொல்வது? பஸ்ஸில் எல்லாரும் பாடிக்கொண்டு வந்தார்கள். நான் முத்தம் கொடுத்த அந்தப் பந்து என் காலடியில் உருண்டுகொண்டே வந்தது. அவமானத்தில் காது சுட்டது. வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் எங்கம்மா என் தட்டில் வைத்த தோசையை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். இரண்டு நாள் என்னோடு பேச்சில்லை.

அந்த இரண்டு நாளில்தான் யோசித்துப் பார்த்தேன். குழாயடியில் யாரும் யாரையும் தெரியாமல் திட்டுவதில்லை. யார் வீட்டில் சாவு, யாருக்குப் பிள்ளை தங்கவில்லை, யார் புருஷன் ஓடிப்போனான் என்பதெல்லாம் சந்துக்கே தெரியும். அதனால் எவ்வளவு ஆத்திரத்திலும் அந்தப் பக்கம் மட்டும் வாய் போகாது. நான் குழாயடியின் வாயை மட்டும் மைதானத்துக்குத் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். எதிரில் நிற்பவளின் வீடு எது, அங்கே என்ன நடந்தது என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் சயானில் ஏறி, குர்லாவில் ஹார்பர் லைன் ரயிலுக்கு மாறி, திலக் நகரில் இறங்கினேன். அவள் பயிற்சி முடிந்து வருகிற நேரம் எனக்குத் தெரியும். பிளாட்பாரத்தில் என்னைக் கண்டதும் நின்றாள்.

"தெரிஞ்சு சொன்னியா, தெரியாம சொன்னியா?" என்று கேட்டாள்.

"தெரியாமத்தான். ஆனா சொன்னது தப்பு. மன்னிச்சுரு."

"சரி. இது பன்வேல் போற பக்கம். அந்தப் பக்கம் நில்லு, குர்லாவுக்கு உன் ட்ரெயின் வருது." அவ்வளவுதான். தோள்பையை மாற்றிப் போட்டுக்கொண்டு படியேறிப் போய்விட்டாள். மன்னித்தாளா இல்லையா என்று எனக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

சீசனின் கடைசி மேட்சில் மறுபடியும் அவர்களோடு மோதினோம். இரண்டு அணிக்கும் சமமான புள்ளிகள். கோல் கணக்கில் நாங்கள் கொஞ்சம் முன்னால் இருந்ததால் டிரா ஆனாலே எங்களுக்குப் போதும். தோற்றால் அணி இல்லை, நான் மாட்டுங்காவில் விசில் ஊதப் போக வேண்டியதுதான்.

அன்றைக்கு ஒரு முடிவோடு போயிருந்தேன். அவளிடம் ஒரு வார்த்தை பேசுவதில்லை. மற்றவர்களிடம் வழக்கம்போலப் பேசினேன். அவள் பந்தோடு வந்தால் மட்டும் வாயை இறுக மூடிக்கொண்டேன். பத்தாவது நிமிஷத்தில் அவள் வந்தாள். நான் என் டிஃபெண்டரிடம் "எடப்பக்கம் போ" என்று கத்தியிருக்க வேண்டும். அவள் காதில் விழும் என்று அதைக்கூடக் கத்தவில்லை. பந்து என்னைத் தாண்டி வலைக்குள் போய் விழுந்தது.

அவள் கொண்டாட ஓடவில்லை. நேராக என்னிடம் வந்தாள்.

"என்ன, என் மேல பாவம் பாக்கறியா?"

"அப்படியெல்லாம் இல்ல."

"பின்ன? எல்லார்கிட்டயும் பேசறே, என்கிட்ட மட்டும் மாட்டேங்கறே. மூணு மாசமா வீட்டுக்கு வர்றவங்க எல்லாரும் இப்படித்தான் மூஞ்சியை வெச்சுட்டு உக்காந்துட்டுப் போறாங்க. இங்க ஒரு எடத்துலயாவது நான் பழைய மாதிரி இருக்கணும். சும்மா நிக்கிற கோல்கீப்பருக்குக் கோல் போட்டா எனக்கென்ன மரியாதை?" அவள் குரல் நடுங்கியது. கோபத்தில்தான் என்று நினைக்கிறேன்.

எங்கம்மா பெண்ணுக்கு அதற்கு மேல் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

"சரிட்டி, சொல்லுதேன். இப்பம் போட்டியே ஒரு கோலு, அது ஒன் காலு போட்டது இல்ல. முட்டுல பட்டு அதுவா உருண்டு போச்சு. அதுக்கு இம்புட்டு வீராப்பா?"

"உருண்டாலும் உள்ளதான போச்சு? பொறுக்கிக் குடு" என்றாள். அவள் உதடு கொஞ்சம் கோணியது. நான் பந்தைப் பொறுக்கி அவள் தலைக்கு மேலாக நடுமைதானத்துக்கு உதைத்தேன்.

அதற்குப் பிறகு நாங்கள் ஓயவில்லை. கார்னருக்கு நிற்கும்போது ஒரு பேச்சு, பந்து வெளியே போனால் ஒரு பேச்சு. அவள் என் உயரத்தை எடுத்தாள், நான் அவள் முடிவெட்டை எடுத்தேன். அவளுடைய இரண்டு ஷாட்டைத் தடுத்தேன், இரண்டுக்கும் தனித்தனியாக வர்ணனை கொடுத்தேன். ரெஃப்ரி அருகில் வந்து, "க்யா சல் ரஹா ஹை?", என்ன நடக்கிறது என்று கேட்டார். "ஒண்ணுமில்ல சார், ஃபேமிலி மேட்டர்" என்று அவளே பதில் சொன்னாள். நான் வாய் திறந்ததும் என் டிஃபென்ஸுக்கும் கண் தெரிந்தது. இரண்டாம் பாதியில் எங்கள் பிள்ளை ஒருத்தி தலையால் முட்டிச் சமன் செய்தாள்.

ஒன்றுக்கு ஒன்று. இன்னும் மூன்று நிமிஷம் தாங்கினால் நாங்கள் மேலே. அப்போது எங்கள் டிஃபெண்டர் கையில் பந்து பட்டது. பெனால்டி.

பந்தைப் புள்ளியில் வைத்துவிட்டு அவள் இடுப்பில் கை வைத்து நின்றாள். "ம், ஆரம்பி. உனக்காகத்தான் காத்துட்டிருக்கேன்."

"வலப்பக்கம் பாத்துக்கிட்டு எடப்பக்கம் அடிப்ப. சீசன் பூரா அதத்தான பண்ணுத."

"அப்ப எடப்பக்கம் விழு. யார் வேண்டாம்னா?"

"நான் எதுக்கு விழணும்? நான் இந்தா, இப்படியே நடுவுலதான் நிக்கப் போறேன்."

அவள் சிரித்தேவிட்டாள். ஏழு வருடத்தில் அந்த இரண்டு கம்பத்துக்கு நடுவே நின்று நான் உண்மை சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் நம்பமாட்டாள் என்று தெரியும். ரெஃப்ரி விசில் ஊதினார். ஓடி வந்தாள். நான் எந்தப் பக்கமாவது பாய்வேன் என்று நினைத்து நட்ட நடுவில் ஓங்கி அடித்தாள். நான் நின்றேன். பந்து என் இரண்டு உள்ளங்கையிலும் அறைந்து, என்னைப் பின்னால் தள்ளிவிட்டு, கம்பத்துக்கு மேலே எகிறிப் போனது.

எங்கள் பிள்ளைகள் ஓடி வருவதற்குள் அவள் அணி ரெஃப்ரியைச் சூழ்ந்துகொண்டது. பந்தை அடிக்குமுன்பே கீப்பர் கோல் கோட்டைத் தாண்டி முன்னால் வந்துவிட்டாள், திரும்ப அடிக்க வேண்டும் என்றார்கள். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. கால் நகர்ந்ததா? நினைவில்லை. ரெஃப்ரி கொடி பிடிப்பவரைப் பார்த்தார், அவர் இவரைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் நிச்சயமில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

அவள் புள்ளிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். அங்கிருந்தபடியே தன் கேப்டனிடம், "நஹி ஹிலி. சோட் தே" என்றாள். அசையவில்லை, விட்டுவிடு என்று. கேப்டன் ஏதோ கத்தினாள். அவள் எல்லாருக்கும் கேட்கும்படி மறுபடியும் அதையே சொன்னாள். ரெஃப்ரி கார்னர் கொடியைக் கை காட்டினார். அந்தக் கார்னரை நான் எம்பிக் குத்தி வெளியே தள்ளினேன். கடைசி விசில் ஒலித்தது.

எங்கள் பிள்ளைகள் நடுமைதானத்தில் ஒருத்தி மேல் ஒருத்தி விழுந்து புரண்டார்கள். நான் முதலில் அவளிடம் போனேன். கை கொடுத்துத் தூக்கினேன்.

"எங்கப்பா இருந்திருந்தா, லைனை விட்டு வந்துட்டான்னு இந்நேரம் கிரவுண்டுக்குள்ளயே ஓடி வந்திருப்பார்" என்றாள்.

"நீயும் சொல்லியிருக்கலாம்ல. திரும்ப அடிச்சிருக்கலாம்."

"அவர் பாக்க வந்தவர். கத்தலாம். நான் ஆட வந்தவ." கண்ணைத் துடைத்துக்கொண்டு என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். "நின்னுட்டியே, திருடி. போ, உன் ஆளுங்க காத்திருக்காங்க."

அதற்குப் பிறகுதான் ஓடினேன். கையை விரித்துக்கொண்டு, மைதானம் முழுக்கக் கேட்கும்படி கத்திக்கொண்டே ஓடினேன். அந்தக் கத்தலில் ஒரு வார்த்தைகூட இல்லை.