வராதவள் பேசினாளாம்

தோழிகள் நாம் கைமாற்றி எழுதும் சுற்று நோட்டில் இன்று நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன். கோபம் மட்டும் குறையவில்லை.

குடிமையியல் டீச்சர் சொன்னார்: "சட்டம் போடறவங்க, நடத்தறவங்க, தீர்ப்பு சொல்றவங்க வேற வேற ஆளா இருக்கணும். ஒருத்தர் தப்பு பண்ணா இன்னொருத்தர் தட்டிக் கேக்கணும். அடிக்கோடு போடுங்க."

போட்டோம்.

அப்போது ஸ்டெல்லா உள்ளே வந்தாள். பேசியவர்கள் என்று வகுப்புத் தலைவி வசந்தி போர்டில் எழுதியிருந்த பட்டியலில் அவள் பெயர்தான் முதலில்.

"முட்டி போடு," என்றார் டீச்சர்.

"நான் கிளாஸ்லயே இல்ல டீச்சர். ஆவடில ரயிலு லேட்டு, இப்பத்தான் வந்துகினு கீறேன்."

"தெனம் பேசறவதானே டீச்சர், முன்னாடியே எழுதிட்டேன்," என்றாள் வசந்தி, வெட்கமே இல்லாமல்.

"போர்டுல பேர் இருக்குல்ல? போடு."

நான் எழுந்துவிட்டேன். "சட்டமும் வசந்தி, புடிக்கறதும் வசந்தி, தீர்ப்பும் வசந்தி. யாரு டீச்சர் தட்டிக் கேக்கறது?"

"அதெல்லாம் பரீட்சைக்கு. நீயும் அவ பக்கத்துல முட்டி போடு."

"எனக்காக ஏண்டி வாயக் குடுத்த?" என்று ஸ்டெல்லா கிசுகிசுத்தாள். வசந்தி அதையும் எழுதினாள். இன்று அவள் எழுதியதில் உண்மை அது ஒன்றுதான்.

தட்டிக் கேட்பது யார் என்ற இந்தக் கேள்வி பரீட்சையில் வந்தால் எந்தப் பதிலை எழுதுவீர்கள், அடிக்கோடு போட்டதையா, இன்று பார்த்ததையா? கீழே எழுதுங்கள், வசந்தி கண்ணில் படாமல்.