சால்டரிங் அயர்ன் தொடாத மூன்று மாதம்

கடத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு செல்போன் கடை. வரிசையில் எனக்கு முன்னால் ஒரு அக்கா, உடைந்த போனோடு நின்றார். "லாக் நம்பரச் சொல்லிட்டுப் போம்மா, சாயங்காலம் வா" என்றார் கடைக்காரர். அக்கா போனைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "ஒடஞ்சதாவே இருக்கட்டுங்க." அப்போதுதான் தோன்றியது: உள்ளே ஒரு பெண் உட்கார்ந்து ரிப்பேர் செய்தால் இந்த அக்கா நம்பிக் கொடுத்திருப்பாரே. அது ஏன் நானாக இருக்கக் கூடாது?

பி.எஸ்சி. இயற்பியல் முடித்து வீட்டில் இருந்தேன். "ஒரு வருசம் டைம். சம்பாதிச்சுக் காட்டு. இல்லன்னா வர்ற மாப்பிள்ளைக்குக் கழுத்த நீட்டு" என்று அப்பா கெடு வைத்தார். தருமபுரியில் இளம்பெண்களுக்கான இலவசப் பயிற்சி மையத்தில், செல்போன் ரிப்பேர் வகுப்பில் மறுநாளே சேர்ந்துவிட்டேன்.

மூன்று மாதமும் அதே செத்த போன்களைப் பிரித்தோம், மாட்டினோம். ஸ்க்ரூவெல்லாம் வழுக்கிப்போயிருந்தன. ஈயத்தை உருக்கிப் பற்றவைக்கும் சால்டரிங் அயர்னை மட்டும் பயிற்சி சார் எங்கள் கையில் கொடுக்கவேயில்லை. அவர் பற்றவைப்பார், நாங்கள் சுற்றி நின்று நோட்டில் எழுதுவோம். ஏன் என்று கேட்டேன்.

"கையில சுட்டுக்கிட்டா? பொண்ணு பாக்க வர்றவங்க என்ன தழும்புன்னு கேப்பாங்க. உங்க வூட்ல என் சட்டையப் புடிப்பாங்கம்மா."

"சோறு வடிக்கறப்ப சுட்டுக்கிட்டதுக்கு யாரு சட்டையப் புடிச்சாங்க சார்?" என்றாள் வத்தல்மலையிலிருந்து வரும் தோழி.

எல்லோரும் சிரித்தோம். சாரும் சிரித்தார். அயர்ன் வரவில்லை. சிரித்ததோடு விட்டுவிட்டேனே, அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

சான்றிதழோடு அதே கடத்தூர் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒரு போனைத் தள்ளினார். "சார்ஜிங் பின் மாத்து, பாக்கலாம்." பழைய பின்னைச் சூடேற்றி எடுக்கப்போய், போர்டில் ஒட்டியிருந்த செம்புத் தடத்தையும் சேர்த்துப் பெயர்த்துவிட்டேன். போர்டு காலி. அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. "கவுண்டர்ல நில்லும்மா. ஸ்க்ரீனுக்குக் கிளாஸ் ஒட்டு, கவர் எடுத்துக் குடு. பொண்ணு நின்னா யாவாரம் ஆவும்."

ஐந்து மாதமாகக் கிளாஸ் ஒட்டுகிறேன். மையத்துச் சுவரில் 'வேலை பெற்றவர்கள்' வரிசையில் என் போட்டோ. "கிளாஸ் ஒட்டறதுக்கா பி.எஸ்சி.?" என்கிறார் அப்பா. கெடுவில் நான்கு மாதம்தான் பாக்கி.

போன வாரம் சொந்தமாக ஒரு அயர்ன் வாங்கினேன். கடைக் குப்பையில் பொறுக்கிய பன்னிரண்டு போர்டுகள் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வத்தல்மலைத் தோழி வருகிறாள். பன்னிரண்டிலும் பின்னைக் கழற்றி மறுபடி பற்றவைக்கப்போகிறோம். ஒன்றில் சார்ஜ் ஏறினால் போதும், திங்கட்கிழமை கடைக்காரரிடம் பின் மாற்றிக் காட்ட இன்னொரு போன் கேட்பேன்.