கை தூக்கிய நாடு, கட்டுப்படாத நாடு

பங்கஜவல்லி இறந்த செய்தி, மரக்காணத்தில் நான் பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருக்கும் மளிகைக் கடைத் தொலைபேசியில் எனக்கு வந்தது. உப்பு ஏற்ற வந்த லாரிகள் தெருவை அடைத்துக்கொண்டு ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. ஒரு காதைப் பொத்திக்கொண்டு மறு காதில் கேட்டேன். நாம் இப்போது கூடியிருக்கும் இந்தச் சென்னை நூலகத்தில் அவரோடு வேலை பார்த்த சந்திரசேகர் பேசினார்.

"மேடம் போயிட்டாங்க. ஹார்ட் அட்டாக். ஞாயித்துக்கிழமை இரங்கல் கூட்டம் வெச்சிருக்கோம். நீங்க வந்து நாலு வார்த்தை பேசணும்."

"எனக்கு அவங்களப் பிடிக்காதே சார்" என்றேன்.

"எங்களுக்கும்தாங்க பிடிக்காது" என்றார் அவர்.

அதனால்தான் வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசியவர்கள் அவரை அன்பின் வடிவம் என்றார்கள், பொறுமையின் சிகரம் என்றார்கள். இந்தக் கூடத்தில் அவரிடம் திட்டு வாங்காத ஒருவர் இருந்தால் எழுந்து நிற்கட்டும். யாரும் எழவில்லை. இறந்தவரைப் பற்றிப் பொய் சொல்வதை மரியாதை என்று நினைப்பவர்கள் இனி நான் சொல்லப்போவதைக் கேட்க வேண்டாம்.

என் அண்ணன் அன்வர் கப்பலில் வேலை பார்த்தவர். எங்கள் தெருவில் சவுதிக்கும் துபாய்க்கும் போனவர்கள் வீட்டுக்கு வீடு உண்டு. கப்பலுக்குப் போனது அவர் மட்டும்தான். தூரத்துத் துறைமுகம் ஒன்றில் அந்தக் கப்பலைக் கடனுக்காகப் பிடித்து நிறுத்திவிட்டார்கள். முதலாளி கைகழுவிவிட்டுப் போய்விட்டார். மாலுமிகளைக் கரையில் இறங்கவும் விடவில்லை. முதலாளி ஒரு நாட்டுக்காரர், கப்பலில் பறந்தது இன்னொரு நாட்டின் கொடி, கப்பல் நின்றதோ மூன்றாவது நாட்டில். குடிக்கிற தண்ணீரில் துரு மிதக்கிறது என்று அண்ணன் எழுதியிருந்தார்.

அவரை வேலைக்கு அனுப்பிய ஏஜெண்டின் அலுவலகம் சென்னையில் இருந்தது. ஒவ்வொரு முறை போகும்போதும் அவர் ஒரே பதிலைச் சொன்னார். "பயப்படாதீங்கம்மா. நடுவழியில நிக்கிற கப்பல்காரன ஊருக்கு அனுப்பணும்னு சர்வதேச ஒப்பந்தமே இருக்குது. எந்த நாட்டுக் கொடியோ அந்த நாடு அனுப்பியே ஆகணும். வெயிட் பண்ணுங்க." ஒப்பந்தத்தின் நகலைக்கூட எடுத்துக் காட்டுவார். நாங்கள் காத்திருந்தோம். உப்பளத்தில் தண்ணீர் கட்டியதிலிருந்து கடைசி உப்பை வாரிக் குவித்துக் கீற்றுப் போட்டு மூடும் வரைக்கும், ஒரு பருவம் முழுக்கக் காத்திருந்தோம்.

திண்டிவனத்து வக்கீல் ஒருவர்தான், அந்த ஒப்பந்தத்தை அந்தக் கொடிக்குரிய நாடு ஏற்றிருக்கிறதா என்று யாராவது பார்த்தீர்களா என்று கேட்டார். வெளிநாட்டுக் கம்ப்யூட்டரைத் தொலைபேசி வழியாகக் கேட்டுப் பதில் வாங்கித் தரும் நூலகம் சென்னையில் இருப்பதாகவும் சொன்னார். இப்படித்தான் அண்ணியையும் கூட்டிக்கொண்டு நான் இங்கே வந்து சேர்ந்தேன்.

பங்கஜவல்லி எங்களை உட்காரச் சொல்லவில்லை. "என்ன வேணும்?" என்றார். கப்பலைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். "கதை வேணாம். எந்த ஒப்பந்தம், எந்த நாடு, என்ன தெரியணும்? அதை மட்டும் எழுதுங்க. லைன் கிடைச்ச பிறகு நீங்க யோசிச்சிட்டு நிக்க முடியாது." நான் எழுதித் தந்ததை அடித்துவிட்டு வேறு சொற்களைப் போட்டார். தொலைபேசியின் ரிசீவரை, கம்ப்யூட்டரோடு இணைத்திருந்த ரப்பர் குழிகள் வைத்த ஒரு பெட்டியில் கவிழ்த்து வைத்தார். கீச்சென்று ஒரு சத்தம். இணைப்பு அறுந்தது. மறுபடி முயன்றார், மறுபடி அறுந்தது. கிடைத்தபோது திரையில் ஒற்றை வரிதான் வந்தது. அந்த நாட்டின் பெயரில் எதுவும் இல்லை.

"அப்போ தெரியலைன்னுதானே அர்த்தம்?" என்று அண்ணி ஆசையோடு கேட்டார்.

"இல்லாம இல்லைன்னு வர்றது வேற. தேடத் தெரியாம இல்லைன்னு வர்றது வேற. நாளைக்கு வாங்க."

நாங்கள் மண்ணடியில் உறவுக்காரர் வீட்டில் தங்கிவிட்டு மறுநாள் போனோம். அதற்குள் அந்த நாடு நடுவில் பெயர் மாற்றிக்கொண்டதை அவர் கண்டுபிடித்து, பழைய பெயரில் தேடி முடித்திருந்தார். அச்சிட்ட தாளை மேசையில் போட்டார்.

"மாநாட்டுல ஒப்பந்தத்துக்கு ஆதரவா கை தூக்கியிருக்காங்க. ஊருக்குப் போயி ஏத்துக்கல. கை தூக்கறது வேற, கட்டுப்படறது வேற. அந்த நாடு உங்க வீட்டுக்காரர அனுப்பாது. உங்க ஏஜெண்டுக்கும் இது தெரிஞ்சிருக்கும்."

அண்ணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "யா அல்லாஹ்" என்று அழுதார். நான் கத்தினேன். "உங்களுக்கு மனசாட்சி இருக்குதா? இதை இப்படித்தான் சொல்றதா?"

"எப்படிச் சொன்னா அவங்க ஏத்துக்குவாங்க? பாட்டாப் பாடட்டுமா?"

அந்தச் சொல்லுக்காக அவரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. அவர் சொன்னது உண்மை. ஒரு கையைப் பிடித்துக்கொண்டு அதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். தண்ணீர் ஒரு டம்ளர் கொடுத்துவிட்டுச் சொல்லியிருக்கலாம். அவர் அதைச் செய்யவில்லை. செய்ததாக யாரும் இங்கே கதை கட்ட வேண்டாம்.

அவர் செய்தது வேறொன்று. அண்ணி அழுதுகொண்டிருக்கும்போதே மறுபடி ரிசீவரைக் கவிழ்த்தார். "கொடி நாட்ட விடுங்க. கப்பல் நிக்கிற நாடு எது?" என்று கேட்டார். அப்போது அவருடைய மேலதிகாரி உள்ளே வந்தார். வெளிநாட்டு இணைப்பு ஆராய்ச்சியாளர்களுக்காக வைத்திருப்பது, உப்பளத்து ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு அல்ல என்றார். எங்களுக்கு எதிரேதான் சொன்னார்.

பங்கஜவல்லி தலையைத் திருப்பாமலே பதில் சொன்னார். "இந்த ஒப்பந்தமெல்லாம் யாருக்குப் போட்டதுன்னு நெனச்சீங்க சார்? கை குலுக்கி போட்டோ எடுத்துக்கிட்டவங்களுக்கா? லைன் கிடைச்சிருக்குது. நீங்க அப்புறமா வந்து திட்டுங்க."

அந்த மேலதிகாரி இன்று முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். படத்துக்கு முதல் மாலை போட்டவரும் அவர்தான். பெயரைச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த இணைப்பில்தான் எங்களுக்கு வழி கிடைத்தது. தூதரக உறவுகளுக்கென்று தனியாக ஓர் ஒப்பந்தம் உண்டு. வெளிநாட்டில் சிக்கிய தன் குடிமக்களைப் போய்ப் பார்க்கவும் அவர்களுக்கு உதவவும் தூதரக அதிகாரிக்கு அது உரிமை தருகிறது. அதை நம் நாடு ஏற்றிருக்கிறது. கப்பல் நின்ற நாடும் விலக்கு எதுவும் கேட்காமல் ஏற்றிருக்கிறது. "இது ரெண்டு பேரையும் கட்டும். ஏஜெண்ட்கிட்ட போறத நிறுத்துங்க. டெல்லிக்கு மனு போடுங்க. அழுகாச்சி எழுதாதீங்க. எந்தப் பிரிவு, எந்த நாடு எப்போ ஏத்துக்கிச்சு, அதை எழுதுங்க" என்றார் பங்கஜவல்லி. வக்கீலிடம் அந்தத் தாளைக் கொடுத்தோம். அவர் மனு எழுதினார். நம் தூதரகத்து அதிகாரி ஒருவர் படகில் ஏறிக் கப்பலுக்குப் போனார்.

அண்ணன் வீட்டுக்கு வந்தார். சட்டைக்குள் ஆளே இல்லாத மாதிரி மெலிந்திருந்தார். அவரோடு கப்பலில் இருந்த கேரளத்துக்காரர் ஒருவர், அதிகாரி போய்ச் சேர்வதற்கு முன்பே காய்ச்சலில் இறந்துபோனார். ஏஜெண்டின் பேச்சை நம்பி நாங்கள் காத்திருந்த மாதங்களில் ஒன்றில்தான் அது நடந்தது. அண்ணன் இப்போது மரக்காணம் கடைத்தெருவில் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். கடல் பக்கம் போவதில்லை.

நன்றி சொல்வதற்காக நான் மட்டும் ஒரு முறை வந்தேன். கம்ப்யூட்டர் அறையில் வேறு யாரோ இருந்தார்கள். பங்கஜவல்லியைக் கீழ்த்தளத்தில் பைண்டிங் பிரிவுக்கு மாற்றியிருந்தார்கள். கிழிந்த புத்தகங்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். நான் கொண்டுபோன இனிப்பைத் தொடவில்லை.

"உங்க அண்ணன் வந்துட்டாரு. நல்லது. எனக்குக் கிடைச்சது இந்தப் பசை வாளி. இப்ப எதுக்கு அழறீங்க? எனக்கு அழறவங்களப் பிடிக்காது. கிளம்புங்க."

அதுதான் அவர் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு. கடல் கடந்த கம்ப்யூட்டரைப் பேச வைக்கத் தெரிந்த ஒருவரை அவர் சாகும்வரை பசை கிண்ட வைத்த இடம் இது. இப்போது அவர் படத்துக்கு ஊதுபத்தி ஏற்றியிருக்கிறது.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது என்ன என்று சொல்லிவிட்டு உட்காருகிறேன். போன மாதம் எக்கியார்குப்பத்திலிருந்து ஒரு பெண் என்னைத் தேடி வந்தாள். அவள் கணவனின் பாஸ்போர்ட்டை வளைகுடாவில் முதலாளி பிடுங்கி வைத்திருக்கிறான். நம் நாட்டுக்கும் அந்த நாட்டுக்கும் நடுவே ஒப்பந்தம் இருக்கிறது, கணவன் தானாக வந்துவிடுவான் என்று யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். சந்திரசேகர் தேடிப் பார்த்துச் சொன்னார். அப்படி ஓர் ஒப்பந்தமே கிடையாது.

அவள் வீட்டு வாசலில் நின்று, சுற்றி வளைக்காமல் அதைச் சொன்னேன். "அப்படி ஒண்ணு இல்லம்மா. அவரு தானா வரமாட்டாரு."

"வாயால சொல்ற பேச்சா இது? நீயெல்லாம் நல்லா இருப்பியா?" என்று மண்ணை வாரித் தூற்றினாள்.

நான் நகரவில்லை. அவள் ஓயும்வரை நின்றுவிட்டு, நம் தூதரகத்துக்கு என்ன எழுத வேண்டும் என்று சொல்லி, கையோடு உட்கார்ந்து எழுத வைத்தேன். அவள் என் முகத்தில் இன்னும் விழிப்பதில்லை. மனு போய்விட்டது.