முழுக்கக் கட்டியவள்

இந்த ஊர் வங்கியில் எனக்கு நல்ல பெயர். நானாகச் சொல்லவில்லை, அவர்களே எழுதியிருக்கிறார்கள். செப்டம்பர் மாதம் என் தபால் பெட்டியில் ஒரு கடிதம் கிடந்தது. எனக்குப் பிரெஞ்சு கடைத்தெரு அளவுக்குப் பேச வரும், படிக்க வராது. கீழ் மாடியில் இருக்கும் போர்த்துகீசுக்காரியிடம் கொடுத்தேன். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்துச் சொன்னாள். "மதிப்புக்குரிய மதாம், பதினாறு வருடமாக எங்களிடம் கணக்கு வைத்திருக்கிறீர்கள். ஒரு நாளும் அது வெறுமையானதில்லை. எங்களுடைய மிகச் சிறந்த வாடிக்கையாளர்களில் நீங்கள் ஒருவர். கடன் தேவைப்பட்டால் தயங்காமல் வாருங்கள்." எனக்குத் தயங்காமல் எங்கேயும் போய்ப் பழக்கமில்லை. நான்கு நாள் தயங்கிவிட்டுத்தான் போனேன்.

கடன் எனக்கு உண்மையாகவே வேண்டியிருந்தது. என் அப்பா, நைனா, இறந்து அக்டோபர் வந்தால் ஒரு வருடம். ஆண்டுப் பூசைக்கு ஊருக்குப் போக விமான டிக்கெட் எடுக்க வேண்டும். வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், காலமாகி மூன்று வருடமாகிறது. அவருடைய பென்ஷனில் மிச்சம் பிடித்ததெல்லாம் போன வருடப் பயணத்தில் தீர்ந்துபோயிருந்தது. வங்கியில் டை கட்டிய ஒரு பையன் என்னை உட்காரவைத்தான். பென்ஷன் எவ்வளவு, வாடகை எவ்வளவு என்று கேட்டு எழுதிக்கொண்டான். அப்புறம், பிரிட்ஜ், கட்டில், டெலிவிஷன் ஏதாவது தவணையில் வாங்கியிருக்கிறீர்களா என்று கேட்டான். "ழமே" என்றேன். எப்போதும் இல்லை என்று அர்த்தம். "ஒரு தடவைகூடவா?" என்றான். நல்ல செய்திதானே என்று இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னேன். "ழமே, மெஸ்யே."

அவன் பைலை மூடிவிட்டான். நீங்கள் இதுவரை கடனே வாங்கியதில்லை, அதனால் வாங்கினால் திருப்பிக் கட்டுவீர்களா என்று தெரிந்துகொள்ள எங்களுக்கு வழியில்லை என்றான். நான் பையிலிருந்து அவர்களுடைய கடிதத்தை எடுத்து நீட்டினேன். பொறுமையாகப் படித்தான். "கடிதம் சரிதான், மதாம். நீங்கள் மிகச் சிறந்த வாடிக்கையாளர்தான். ஆனால் அதை எழுதுவது வேறு பிரிவு" என்று சொல்லி எழுந்து கைகொடுத்தான். இந்த நாட்டில் இல்லை என்று சொன்னாலும் கைகொடுக்கிறார்கள்.

பஸ்ஸில் வரும்போது எனக்குக் கோபம் வரவில்லை. இதே மாதிரி ஒரு தடவை எங்கேயோ நின்றிருக்கிறோமே என்றுதான் தோன்றியது. அது இந்த நாடு இல்லை. வில்லியனூருக்கு மேற்கே, எங்கள் ஊர் மாதாகோயிலுக்கு எதிரில் இருக்கிற செட்டியார் கடை.

நான் ஊரைவிட்டுக் கிளம்பியது அறுபதுகளில். வீட்டுக்காரர் முன்னாலேயே வந்து, வீடு பார்த்துவிட்டு என்னை வரச்சொன்னார். கிளம்புவதற்கு முன் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனேன். பெரிதாகச் சொல்ல என்னிடம் பாவம் ஒன்றுமில்லை. சாமியார்தான் கேட்டார். "கடன் இன்னா வச்சிருக்க?"

"செட்டியார் கடையில கொஞ்சம் நிக்குது சாமி."

"மொதல்ல அத தீத்துட்டுக் கெளம்பு. கடனோட கடல் தாண்டாத."

கன்றுக்குட்டியை விற்றுப் பணத்தை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். செட்டியார் ஏட்டைப் புரட்டி ஒரு தொகை சொன்னார். எண்ணி வைத்தேன். "இன்னா தெரேசா, மொத்தமுமா குடுக்கற? ஒரு அஞ்சு ரூபா நிக்கட்டுமே" என்றார். பாவம், ஐந்து ரூபாயைத் தள்ளுபடி பண்ணப் பார்க்கிறார் என்று நினைத்தேன். நான் யாரிடமும் இலவசமாக வாங்குகிறவள் இல்லை. "வாணாம் செட்டியாரே, எல்லாத்தையும் எடுத்துக்க" என்றேன். அவர் என் பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டார். போய்ட்டு வா என்று சொல்லவில்லை, பேனாவை மூடி வைத்தார். சுத்தமான ஆத்துமாவோடும் சுத்தமான கணக்கோடும் நான் பிரான்சுக்கு வந்தேன்.

போன அக்டோபரில் நைனா இறந்துவிட்டார். தந்தி வந்து நான் புறப்படுவதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. முகம் பார்க்கத்தான் கொடுத்துவைக்கவில்லை, முப்பதாம் நாள் சாப்பாடாவது என் செலவில் இருக்கட்டும் என்று போனேன். தம்பி சவரிமுத்துவும் சரி என்றான். ஆனால் நான் கொண்டுபோன பிரெஞ்சு செக்கைப் பாண்டிச்சேரி வங்கியில் வாங்கிப் பார்த்துவிட்டு, இது பம்பாய்க்குப் போய்வர மூன்று வாரமாகும் என்றார்கள். முப்பதாம் நாளுக்கு ஐந்து நாள்தான் இருந்தது. செட்டியாரிடம் போனேன்.

அவருக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் எழுந்துவிட்டார். "வாங்கம்மா, உக்காருங்க" என்று ஸ்டூல் போட்டார். சோடா உடைத்துக் கொடுத்தார். வந்த காரியத்தைச் சொன்னேன். இரண்டு மூட்டை அரிசி, பருப்பு, எண்ணெய். மூன்று வாரத்தில் பணம் தந்துவிடுகிறேன் என்றேன்.

"உங்களுக்கு இங்க கணக்கு இல்லியேம்மா" என்றார்.

"பழைய ஏட்டுல பாருங்க. ஒரு பைசா பாக்கி வெக்காம கட்டினவ நானு."

"ஆமாமா, எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது. அதான் கோடு போட்டுட்டனே." ஏட்டை எடுத்து வேறொரு பக்கத்தைப் புரட்டினார். "வேணும்னா சவரி பேர்ல எழுதிக்கறேன். அவன் இன்னா கேட்டாலும் குடுப்பேன்."

சவரி அந்தக் கடைக்குப் பத்தொன்பது வருடமாகக் கடன்காரன். அறுப்புக்கு அறுப்பு கொஞ்சம் கட்டுவான், அதற்கு மேல் வாங்குவான். "இது என் அரிசிங்க" என்றேன். "சாப்புடறவங்களுக்கு எல்லாம் ஒண்ணுதாம்மா" என்றார்.

அரிசி சவரி பெயரில் வந்தது. பூசை முடிந்து பந்தி போட்டோம். பக்கத்துத் தெருப் பெரியவர் ஒருவர் கை கழுவிக்கொண்டே, "நைனாவுக்குக் கொற வெக்காம செஞ்சுட்டப்பா சவரி" என்றார். இன்னொருவரும் அதையே சொன்னார். சவரி என்னைத் திரும்பிப் பார்க்கத்தான் செய்தான், வாய் நிறையச் சோறு இருந்ததால் ஒன்றும் சொல்லவில்லை. நான் ரசம் ஊற்றிக்கொண்டு போனேன். பந்தியில் புதிதாக வாக்கப்பட்டு வந்த ஒரு பெண், இந்தம்மா யாரு என்று பக்கத்தில் கேட்டது என் காதில் விழுந்தது.

செக் பணம் வந்ததும் நேராகக் கடைக்குப் போனேன். "மூட்டைக் கணக்கு மட்டுமா, சவரி கணக்கு மொத்தமுமா?" என்று கேட்டார் செட்டியார். தம்பி பாரத்தை இறக்கிவைத்த மாதிரியும் இருக்கும், நைனா சாப்பாடு என் பணத்தில்தான் நடந்தது என்று கடைக்காரருக்காவது தெரியும் என்று நினைத்தேன். மொத்தமும் என்றேன். அவர் என்னை ஒரு முறை பார்த்தார். பத்தொன்பது வருடக் கணக்கைக் கூட்டி முடிக்க அரை மணி நேரம் ஆயிற்று. கோடு போட்டார்.

சவரி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சொன்னேன். கை தட்டிலேயே நின்றுவிட்டது.

"இன்னா வேல பண்ணிட்டு வந்துகிற யக்கா."

"ஏண்டா, உன் கடன தானே அடைச்சேன்?"

"யாராவது கணக்க முழுசா தீப்பாங்களா? செத்துப்போனவன் கணக்கத்தான் வூட்டுல வந்து தீப்பாங்க. இல்லன்னா இனிமே உன் கடை வாசல மிதிக்கமாட்டேன்னு சண்ட போட்டுட்டுத் தீப்பாங்க. கொஞ்சம் நின்னாத்தான் நாம அவருக்கு வேண்டியவங்க. எழுந்து போ, ஒரு அம்பது ரூபாயாவது திருப்பி வாங்கிகினு வா."

போனேன். என் வயதுக்கு, கடன்பட வேண்டும் என்று ஒருவரிடம் போய்க் கெஞ்சியது அதுதான் முதல் தடவை. "வாங்குன பணத்த எப்படிம்மா திருப்பிக் குடுக்கறது? போட்ட கோடு போட்டதுதான்" என்றார் செட்டியார். சோடா வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

நான் இங்கே திரும்பி வந்த பிறகு சவரி கடிதம் எழுதினான். காப்பித்தூள் வாங்கப் போனால் செட்டியார் காசுக்குக் கை நீட்டுகிறாராம். அதுகூடப் பரவாயில்லை, "வாடா போடான்னு இருந்தவரு இப்ப வாங்க சவரிமுத்துன்னு கூப்பிடறாரு, எனக்கு அழுகையா வருது" என்று எழுதியிருந்தான். கடிதத்தில் என்னை அக்கா என்று ஓர் இடத்திலும் எழுதவில்லை.

இதற்குப் பிறகுதான் வங்கிக்காரர்களின் கடிதமும், டை கட்டிய பையனும். ஊருக்குப் போக முடியாது என்று ஆனதும் சவரிக்கு எழுதினேன். பணம் அனுப்பு, அரிசி வாங்கிப் போடுகிறேன் என்று பதில் வந்தது. வாங்கிப் போடுவான், அதில் சந்தேகமில்லை. அது மறுபடியும் சவரி போட்ட சோறாகிவிடும். ஆண்டுப் பூசை வருடத்துக்கு ஒன்று வரலாம், முதல் வருடம் ஒன்றுதான். நான் கன்னியர் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவள். ஒரு முழு சாயங்காலம் உட்கார்ந்து செட்டியாருக்கு ஒரு கடிதம் எழுதினேன். மூன்று தாள் வீணாயிற்று.

"செட்டியார் அவர்களுக்குத் தெரேசா எழுதிக்கொண்டது. என் தகப்பனாரின் ஆண்டுப் பூசைக்கு இரண்டு மூட்டை அரிசியும் வேண்டிய சாமானும் என் பேரில் கடனாகக் கொடுக்கவும். மாதாமாதம் கொஞ்சம் அனுப்புகிறேன். போன தடவை போல முழுக்கக் கட்ட மாட்டேன் என்று உறுதி கூறுகிறேன்."

பூசைக்கு இரண்டு நாள் இருக்கும்போது சவரியின் பதில் வந்தது. செட்டியார் என் கடிதத்தை இரண்டு முறை படித்தாராம். ஏட்டில் புதிதாக ஒரு பக்கம் திருப்பினாராம். எங்கள் தெருவிலேயே இன்னும் இரண்டு தெரேசா இருப்பதால், குழப்பம் வரக்கூடாது என்று 'பிரான்சு தெரேசா' என்று தலைப்பு எழுதினாராம். பிறகு மூட்டையை எடுத்துவைத்து, "டேய் சவரி, பாத்து எடுத்துகினு போடா, சிந்தப்போற. இது உங்க அக்கா அரிசி" என்றாராம். அக்கா, அக்கா என்று அந்தக் கடிதத்தில் ஏழெட்டு இடத்தில் எழுதியிருந்தான்.

பூசை அன்று இங்கே நல்ல குளிர். காலை எட்டு மணி என்றால் அங்கே பன்னிரண்டரை. இலை போட்டிருப்பார்கள். நானும் அதே நேரத்துக்கு மேசை முன்னால் உட்கார்ந்து, முந்தின நாள் ரொட்டியைக் காப்பியில் நனைத்துச் சாப்பிட்டேன். எட்டே முக்காலுக்கு, இரண்டாம் பந்தி உட்காரும் நேரம் என்று இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டேன்.