இரண்டு மாமன், இரண்டு குழாய்

தேனி பஜாரில் அண்ணனின் பலசரக்குக் கடையில் பத்து வருஷம் மிளகாய் நிறுத்துத் தும்மிய சுயம்புலிங்கம், நாற்பத்தாறாம் வயதில் அந்தத் தும்மலுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் பாட்டு செட்டு வாங்கினார். ஆம்ப்ளிபயர், கார் பேட்டரி, இசைத்தட்டுப் பெட்டி, இரண்டு குழாய் ஸ்பீக்கர். ஆசை வந்தால் மனுஷனுக்கு அப்படித்தான் வரும். அண்ணன் சண்டை போடவில்லை. முதல் விசேஷத்தில் செட்டு பாடாவிட்டால் மறுநாளே தராசுக்குத் திரும்பிவிட வேண்டும் என்று மட்டும் சொன்னார். இவரும் தலையாட்டிவிட்டார்.

முதல் விசேஷம் பொட்டிப்புரத்தில், வேலுச்சாமி மகளுக்குக் காதுகுத்து. பிள்ளையின் தாய் ராக்கம்மாளுக்கு உடன்பிறந்தவர்கள் இருவர்: ஆண்டிபட்டியில் ஒச்சாண்டி, தேவாரத்தில் அவர் தம்பி கருத்தக்கண்ணன். தாய்மாமன் மரியாதையில் ஒரு வெற்றிலை குறைந்தாலும் பந்தலில் ரகளைதான். அதனால் அவரவர் சீர் வரும் பாதையைப் பார்த்து ஆளுக்கொரு குழாய் கட்டச் சொன்னாள் ராக்கம்மாள்.

ஆம்ப்ளிபயரின் முதுகில் குழாய்க் கம்பி மாட்ட 4, 8, 16 என்று எண் போட்ட திருகாணிகள் இருந்தன. எண் கூடினால் சத்தம் கூடும் என்பது சுயம்புலிங்கத்தின் சொந்தக் கண்டுபிடிப்பு. குழாய் ஒவ்வொன்றிலும் 16 என்றுதான் அடித்திருந்தது. வீட்டில் ஒரு குழாயை 16-இல் மாட்டியபோது கணீரென்று பாடியது. இப்போது ஒரு மாமனை 16-இலும் இன்னொருவரை 8-இலும் மாட்ட யாருக்குத் துணிச்சல் வரும்? இரண்டு குழாயையும் 16-இலேயே சேர்த்து முறுக்கினார்.

சீர் வந்தது. பாட்டும் வந்தது, சளி பிடித்தவன் பாடுகிற மாதிரி. சத்தத்தைக் கூட்டினால் இன்னும் கரகரத்தது, ஆம்ப்ளிபயர் பெட்டிக்குள்ளிருந்து மெழுகு உருகும் வாடை வந்தது. தம்பியின் குழாய் தன் சத்தத்தைத் தின்கிறது என்றார் ஒச்சாண்டி. அண்ணன் குழாய்தான் தின்கிறது என்றார் கருத்தக்கண்ணன். சுயம்புலிங்கம் செட்டை நிறுத்தினார். மிளகாய் நெடி அங்கேயே மூக்கில் ஏறிவிட்டது. அழாத குறைதான்.

அந்த நேரம் பந்தி முடிந்து, சாப்பாட்டுப் பந்தலின் ஒரே வாசலில் ஜனம் முட்டி மோதியது. வேலுச்சாமி பக்கத்துத் தட்டியை அவிழ்த்துவிட்டார். வாசல் இரண்டானதும் நெரிசல் பாதியானது. சுயம்புலிங்கம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த எண் சத்தத்தின் அளவே இல்லையோ? குழாய் எவ்வளவு தடுக்கிறது என்பதன் அளவோ? ஒரு குழாய்க்குத் தடை 16 என்றால், இரண்டு குழாயைப் பக்கம் பக்கமாகத் திறந்துவிட்டால் தடை 8. பெட்டியோ 16-ஐ நம்பித் தள்ளிக்கொண்டிருக்கிறது, பாவம்.

அவர் கம்பிகளை 8-க்கு மாற்றக் கை வைத்தார். எண் படிக்கத் தெரிந்த ஒச்சாண்டி ஓடி வந்து கையைப் பிடித்தார்.

"பதினாறுல இருந்து எட்டா? மாமன்மாரைப் பாதியாக்கப் பாக்குறீகளா அண்ணாச்சி?"

அதுவரை எலியும் பூனையுமாக நின்ற தம்பியும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அண்ணன் பக்கம் வந்துவிட்டார்.

சுயம்புலிங்கம் கையை எடுக்கவில்லை. "ரெண்டு பேரும் ஒரே ஆணியிலதான் இருக்கீக. பாடாட்டி பெட்டியக் கெணத்துல போடுங்க."

முறுக்கி முடித்து ஊசியை வைத்தார். இரண்டு குழாயும் கணீரென்று எடுத்தன. ஆண்டிபட்டி வண்டி மாடும் மிரண்டது, தேவாரம் வண்டி மாடும் மிரண்டது. மாமன்மார் முகம் மலர்ந்துவிட்டது. தாங்க முடியாத சந்தோஷத்தில் சுயம்புலிங்கம் பேட்டரியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

பிள்ளைக்குக் காது குத்தியானதும் ஒச்சாண்டி தேடி வந்தார். "அடுத்த மாசம் எம் மகளுக்குக் காதுகுத்து. நீங்கதான் வரணும். எம் பொண்டாட்டி கூடப்பொறந்தவுக மூணு பேரு, மூணு குழாய் கட்டிருங்க."

மூன்று குழாய்க்கு எந்த ஆணி? பதினாறை மூன்றாகப் பங்கு போட்டால் வருகிற எண்ணில் ஓர் ஆணியும் அந்தப் பெட்டியில் கிடையாது.

"கட்டிருவோம்" என்றார் சுயம்புலிங்கம்.