கேட்டுக்கு வெளியே ஒரு பந்தி

ஜெயலட்சுமிப் பாட்டிக்கு எழுபத்தாறாவது வயதில் கால் முளைத்தது. கர்நாடகத்தில் பெண்களுக்கு அரசு பஸ்ஸில் டிக்கெட் இலவசம் என்று அறிவித்ததுதான் தாமதம், ஆதார் கார்டை இடுப்பில் செருகிக்கொண்டு ஒக்கலிபுரத்தை விட்டுக் கிளம்பிவிட்டாள். பனசங்கரியில் ஒரு கல்யாணம், மல்லேஸ்வரத்தில் ஒரு கச்சேரி. அழைப்பு வந்ததா என்றெல்லாம் கேட்கக்கூடாது. இறங்குவதற்குள் பக்கத்து சீட்டுக்காரியின் மூட்டுவலிக்குக் கன்னடத்தில் கஷாயம் சொல்லி முடித்திருப்பாள்.

புதன்கிழமை மட்டும் பேத்தி ஷ்ரேயாவுக்கு. அவள் வேலை பார்த்தது பொம்மசந்திராவில், ஒரு மருந்து கம்பெனியில். மெஜஸ்டிக்கில் பஸ் மாறி, ஒன்றரை மணி நேரம் குலுங்கி, சரியாகச் சாப்பாட்டு நேரத்துக்கு நாலடுக்குக் கேரியரோடு பாட்டி கேட்டில் நிற்பாள். சும்மா நின்றால் பரவாயில்லையே! ஒருநாள் உள்ளே போன ஒரு மனிதரை நிறுத்தி, "எங்க ஷ்ரேயாவுக்கு ரெண்டு நாளா வயிறு சரியாப் போகலை, இந்த மோரை அவகிட்ட குடுத்துடுங்கோ" என்றாள். அவர்தான் மேனேஜர். மோர் பாட்டிலோடு நேரே மீட்டிங்குக்கு வந்தார், வயிற்றுச் செய்தியையும் சேர்த்துக்கொண்டு.

அன்று சாயங்காலம் ஷ்ரேயா வெடித்தாள். "மானம் போறது பாட்டி! இனிமே எனக்குச் சாப்பாடு கொண்டுவராதே!"

"சரிடி" என்றாள் பாட்டி. அவ்வளவுதான். சண்டைக்கு வரிந்துகட்டி நின்றவளுக்குச் சப்பென்று போய்விட்டது. அதன்பிறகு பாட்டி அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஒரு வருஷம் கழித்து, மத்தியானம் படுத்தவள் படுத்தபடியே போய்ச் சேர்ந்தாள். அந்தச் "சரிடி" ஷ்ரேயாவின் நெஞ்சை அறுத்தது. மனசு நொந்து சொன்னாளா? இனி யாரிடம் கேட்பது?

பதின்மூன்றாம் நாள் விருந்துக்கு, யூனிஃபார்ம் போட்ட மூன்று பெண்கள் வாசலில் வந்து நின்றார்கள். அப்பா ரங்கநாதன், "யாரு கம்ப்ளைண்ட் குடுத்தா?" என்று பதறிப்போனார். ஷ்ரேயாவுக்கு அடையாளம் தெரிந்தது. கம்பெனி செக்யூரிட்டிகள், முன்னால் நின்றவள் சிந்தியா.

"ரெண்டு புதன்கிழமையா பாட்டிம்மா வரலையேன்னு ஆபீஸ்ல விசாரிச்சோம் அக்கா. அப்புறம்தான் விஷயம் தெரிஞ்சுது" என்றாள்.

"ரெண்டு புதன்கிழமையா? பாட்டி வரதை நிறுத்தி ஒரு வருஷமாச்சே!"

சிந்தியா நாக்கைக் கடித்துக்கொண்டாள். "உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க. 'அவளுக்குக் கொண்டுவராதேன்னுதானே சொன்னா, உங்களுக்குக் கொண்டுவராதேன்னா சொன்னா?'ன்னு கேட்டாங்க. நீங்க உள்ள கேன்டீன்ல சாப்பிடற நேரத்துல, நாங்க வெளிய மரத்தடியில புளியோதரை சாப்பிடுவோம்."

வாரா வாரம்! ஐம்பதடி தூரத்தில்! வீட்டில் புளிக்காய்ச்சல் ஏன் அத்தனை சீக்கிரம் தீர்ந்துபோயிற்று என்பது ஷ்ரேயாவுக்கு இப்போதுதான் விளங்கியது. கேன்டீனின் வறட்டுச் சப்பாத்தியை நினைத்து வயிறு எரிந்தது. கள்ளி! வாயைத் திறந்தாளா, பார்!

"என்னைப் பத்தி ஏதாவது சொல்லுவாளா?" என்று கேட்டாள் ஷ்ரேயா.

"திட்டுவாங்க அக்கா. முதல் நாள் அழுதுட்டாங்க. அப்புறம் திட்டுதான். உங்களைத் திட்டாம ஒரு நாளும் கேரியரைத் திறந்ததில்ல." சிந்தியா தயங்கினாள். "ஒருநாள் நான் வாய வெச்சுக்கிட்டு சும்மா இல்லாம, 'ஆமா பாட்டிம்மா, அந்த அக்காவுக்குக் கொஞ்சம் திமிருதான்'னு சொல்லிட்டேன். கையிலிருந்த தட்டைப் பிடுங்கிட்டாங்க. கேரியரை மூடினாங்க, அடுத்த பஸ்ஸைப் பிடிச்சுப் போயே போயிட்டாங்க. அன்னிக்கு எங்க மூணு பேருக்கும் பட்டினி."

ஷ்ரேயா ஓவென்று அழுதாள். அழுதுகொண்டே உள்ளே போய், மூன்று பேருக்கும் இலை போட்டாள்.